சங்கக்கடைச் சாக்கு

பையை மேல வைக்கச் சொல்லாதேங்கோ பிள்ளை, மடியிலயே இருக்கட்டும். பாரமில்லை. உள்ளுக்குள்ள தண்ணிப் போத்தலும் கொஞ்சத் தாளும்தான். நீங்கள் யன்னல் பக்கம் நல்லா இருங்கோ, எனக்குக் காத்துப் பட்டால் காது குத்தும். இந்த பஸ் இனி ஒவ்வொரு ஒழுங்கைக்கும் நிண்டு நிண்டுதான் போகும். நாங்கள் இதுக்குள்ள நசிஞ்சு சாகிறது கொண்டக்டருக்குப் போதாது, இன்னும் ஆக்கள் வேணுமாம்.

எங்கட வைரவர் கோவிலடிக்கு இன்னும் எவ்வளவோ தூரம் கிடக்கு. நீங்கள் படிக்கிற பிள்ளையோ, வேலையோ? சரி, விருப்பமில்லையெண்டால் சொல்லவேண்டாம். இப்பத்தைப் பிள்ளையள் காதுக்குள்ள வயரைக் கொளுவிக்கொண்டு திரியினம். நீங்கள் கழட்டி வைச்சிருக்கிறியள், அதே பெரிய காரியம். நானும் லேசில ஒருத்தரோட கதைக்கிற ஆள் இல்லை. ஊரில கேட்டுப் பாருங்கோ, திலகமக்கா வாய் திறவாத மனிசி எண்டுதான் சொல்லுவினம்.

நான் கோப்புக் கந்தோருக்குப் போட்டு வாறன். ஓம், அதுதான். சண்டைக் காலத்தில இரகசியப் பொலிஸ் எங்களைப் பற்றி எழுதி வைச்சதையெல்லாம் இப்ப சனத்துக்குத் திறந்து காட்டுற கந்தோர். எங்கட வாசிகசாலையிலயும் வந்து கூட்டம் வைச்சவை. கோட்டுப் போட்ட ஒராள் மைக்கைப் பிடிச்சுக்கொண்டு, உண்மை தெரிஞ்சால் மனம் ஆறும், மனம் ஆறினால் ஊர் சேரும், வழக்குப் போட விரும்புறவைக்கு அதுக்கும் வழி செய்வம் எண்டு நல்ல வடிவாக் கதைச்சவர். பேந்து எல்லாருக்கும் வடையும் தேத்தண்ணியும் குடுத்தவை. என்ர மனம் ஆறினதோ இல்லையோ, வடை நல்லா ஆறியிருந்தது.

எனக்கு அறியவேண்டியது ரெண்டு விசயம். ஒண்டு, என்ர மனுசனை எங்க கொண்டுபோனவை எண்டது. மற்றது, அவரைக் காட்டிக் குடுத்தது ஆர் எண்டது. ரெண்டாவது எனக்கு அண்டைக்கே தெரியும். ஆனால் எழுத்தில வேணும். எழுத்தில இருந்தால் கொண்டுபோய் என்ர தங்கச்சிக்கு முன்னால போடலாமெல்லோ.

தங்கச்சி எண்டால் என்ர கூடப்பிறந்தவள், புவனம். அடுத்த வளவுதான். எங்கட ஐயா ஒரு காணியை ரெண்டாப் பிரிச்சு எங்கள் ரெண்டு பேருக்கும் சீதனமாத் தந்தவர். காணியைப் பிரிக்கலாம், கிணத்தை எப்பிடிப் பிரிக்கிறது? அது பங்குக் கிணறு. வேலி இந்தப் பக்கத்தால வந்து கிணத்துக்கட்டில நிக்கும், பேந்து அந்தப் பக்கத்தால தொடங்கிப் போகும். நடுவில கிணறு ரெண்டு பேருக்கும் பொது. அவள் தன்ர பக்கத்துக் கப்பியில அள்ளுவாள், நான் என்ர பக்கத்துக் கப்பியில அள்ளுவன். கலியாணம் செய்த புதுசில ரெண்டு பேரும் அள்ளிக் குளிச்சு முடிய மத்தியானம் ஆகிப்போடும், அவ்வளவு கதை. மனுசன்மார் ரெண்டு பேரும் சோத்துக்குக் காத்துக்கொண்டிருப்பினம்.

என்ர மனுசனுக்கு நித்தியானந்தன் எண்டு பேர். ஆஸ்பத்திரியில டிஸ்பென்சர். மருந்து கட்டுறதுக்கு அவரை விட்டால் ஆளில்லை எண்டு டொக்டர்மாரே சொல்லுவினம். நல்ல மனுசன், நான் குறை சொல்லேல்லை. ஆனால் வீட்டில ஒரு வார்த்தை கதைக்கமாட்டார். வேலையால வருவார், சாப்பிடுவார், றேடியோவைப் போட்டுக் காதுக்குக் கிட்ட வைச்சுக்கொண்டு இருப்பார். பொழுதுபட்டால் பின் கதவால பெடியள் வருவாங்கள். சண்டையில காயப்பட்டதுகள். குசினிக்குள்ள வைச்சு வெட்டித் தைச்சு மருந்து கட்டி அனுப்புவார். அதுகளோட நல்லாக் கதைப்பார். ஊர் என்ன, அம்மா என்ன செய்யிறா, சாப்பிட்டியோ எண்டெல்லாம் கேட்பார். என்னட்ட ஒரு நாள் அப்பிடிக் கேட்டிருப்பாரோ? ரத்தத் துணியைத் தோய்க்கிறது மட்டும் நான்.

சுத்திவளைப்பு வந்த நாள் நல்லா ஞாபகம் இருக்கு. விடியக் கண் முழிக்க முதலே ஆமிக்காரர் வந்திட்டாங்கள். ஆம்பிளையள் எல்லாரும் கோவில் வீதிக்கு வரவேணும். வரிசையா நடக்கவேணும். ஜீப்புக்குள்ள ஒருத்தன் தலையில சாக்கைப் போட்டுக்கொண்டு இருப்பான், கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. அதுதான் தலையாட்டி. நீங்கள் அந்தக் காலத்தில பிறந்திருக்கமாட்டியள், கேள்விப்பட்டிருப்பியள். அவன் தலையாட்டினால் அந்த ஆளைப் பிடிச்சு ஏத்துவாங்கள். ஆட்டாட்டில் வீட்டுக்குப் போகலாம். பெம்பிளையள் நாங்கள் மடத்தடியில நிண்டு பார்த்துக்கொண்டிருந்தனாங்கள். இவர் மற்றவையளைப் போலதான் போனவர், அதே சாரம், அதே நடை. சாக்குத் தலை ஆடிச்சுது. அவ்வளவுதான் பிள்ளை. திரும்பி என்னைப் பார்த்தவரோ எண்டுகூட எனக்குத் தெரியேல்லை, எனக்கு முன்னால ஒரு நெட்டை மனிசி நிண்டவ.

ஆனால் நான் ஒண்டை வடிவாப் பார்த்தனான். அந்தச் சாக்கு. அதில நீல எழுத்தில சங்கத்தின்ர பேர் அடிச்சிருந்தது. எங்கட ஊர்ச் சங்கக்கடைச் சாக்கு. நான் கிழமைக்குக் கிழமை கூப்பன் அரிசி வாங்கிற சாக்கு எனக்குத் தெரியாதோ? சங்கக்கடை மனேச்சர் ஆர்? புவனத்தின்ர புருசன் அருளம்பலம். ஊர் ஆம்பிளையள் எல்லாரும் வரிசையில நிக்கிறாங்கள், அந்தாள் மட்டும் வரிசையில இல்லை. மத்தியானம் ஆமி போனபிறகுதான் தலை சீவாமல் சேட்டும் கசங்கி ஒழுங்கையால வாறார். நீங்களாயிருந்தால் என்ன நினைச்சிருப்பியள்?

நான் ஒழுங்கையில நிண்டே கேட்டிட்டன். சனம் முழுக்க நிக்கிது. அந்தாள் சத்தம் போடேல்லை. தன்னை விடியவே கூட்டிக்கொண்டுபோய்க் கடையைத் திறக்கச் சொல்லிச் சாக்கு எடுத்தவை எண்டும், பேந்து உள்ளுக்க விட்டுப் பூட்டிப்போட்டுப் போனவை எண்டும் சொன்னவர். நான் காறித் துப்பினன். அப்ப அவர் சொன்னவர்:

"சாக்கு என்ர கடைச் சாக்குத்தான் மச்சாள். தலை என்ர தலை இல்லை."

என்ன வாய் பாருங்கோ. வசனம் பேசுறதுக்கும் ஒரு நேரம் இருக்கெல்லோ. புருசனைப் பறிகுடுத்திட்டு நிக்கிறவளிட்ட வந்து சாக்கு, தலை எண்டு.

ஊர் என்ர பக்கம் நிண்டது. நிக்காமல் என்ன செய்யும்? இடுப்பில பிள்ளையோட முகாம் வாசலில போய் நிண்டு நிண்டு கறுத்துப்போனவள் நான். ஒருத்தரும் அருளம்பலத்தாருக்கு அடிக்கேல்லை, கல் எறியேல்லை. கதையாமல் விட்டவை, அவ்வளவுதான். நன்மை தின்மைக்குப் போறேல்லை, கூப்பிடுறதுமில்லை. சங்கக்கடையில கூப்பன் காட்டை மேசையில வைப்பினம், அரிசியை எடுத்துக்கொண்டு வருவினம், வாயால ஒரு சொல்லும் இல்லை. முடி வெட்டுறவர்கூட அந்த வீட்டுக்குப் போறதை விட்டிட்டார். அருளம்பலத்தாரின்ர மகள் பெரிய பிள்ளையானபோது புவனம் தட்டில பலகாரம் கொண்டுவந்து கிணத்துக்கட்டில என்ர பக்கமாப் பார்த்து வைச்சவள். வைச்சிட்டு அந்தப் பக்கம் நிண்டவள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன். பின்னேரம் போய்ப் பார்க்கக் காகம் தட்டைப் பிரட்டிப்போட்டுது. பயத்தம் பணியாரம். அவளுக்கு அது நல்லா வரும்.

அதோட முடிஞ்சுது. முப்பது வருசம். என்ர மகள் வதனி வளர்ந்து கலியாணம் செய்து டென்மார்க்குக்குப் போட்டாள். புவனத்தின்ர பிள்ளையளும் வெளியில. ரெண்டு வளவுக்குள்ளயும் நாங்கள்தான் மிச்சம். வதனி காசனுப்பி மோட்டர் பூட்டித் தந்தவள், குசினிக்குள்ளயே தண்ணி வரும். நான் கிணத்தில அள்ளித்தான் குளிக்கிறது. மோட்டர்த் தண்ணி உடம்புக்கு ஒத்துவராது பிள்ளை. புவனமும் அள்ளித்தான் குளிக்கிறவள். காலமை அவளின்ர கப்பிச் சத்தம் கேட்டால் நானும் வாளியை எடுத்துக்கொண்டு போவன். அதுதான் எனக்கு வசதியான நேரம். தலை நிமித்தமாட்டம் ரெண்டு பேரும். குனிஞ்சு வாளியை விடேக்க தண்ணிக்குள்ள அவளின்ர முகம் தெரியும். அவளுக்கு நரைச்சது, கன்னம் விழுந்தது எல்லாம் நான் தண்ணிக்குள்ளதான் பார்த்தனான்.

ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல், கப்பிச் சத்தம் இல்லை. எனக்கு அண்டைக்கு முழுக்க ஒண்டும் ஓடேல்லை. தலையிடி எண்டு படுத்திட்டன்.

போன வருசம் அருளம்பலத்தார் மோசம் போனவர். நான் போகேல்லை. எப்பிடிப் போறது? வேலியில ஒரு ஓட்டை இருக்கு, அதுக்குள்ளால பார்த்தனான். பந்தல் பெரிசு, கதிரையெல்லாம் வாடகைக்கு எடுத்து அடுக்கியிருந்தவை. இருக்கத்தான் ஆளில்லை. பாடை தூக்க டவுனில இருந்து கூலிக்கு ஆள் பிடிச்சவை. கடைசியாக் கொண்டுபோகேக்க புவனம் கத்தி அழேல்லை. அழுதால் கூடச் சேர்ந்து அழ இன்னொரு பெம்பிளை வேணுமெல்லோ. அவள் தன்பாட்டில வளவில நிண்ட வாழைமரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள். உள்ளதைச் சொல்லவேணும், சரியா அழுகை வந்தது. ஆனால் அது என்ர மனுசனை நினைச்சு வந்த அழுகை.

பேந்து இந்தத் தைப்பூசம் கழிஞ்ச கையோட ஒரு காலமை, நான் வாளியை விட்டுக்கொண்டு நிக்கிறன், அக்கா எண்டு கேட்டுது. நான் முதல் நம்பேல்லை. குரல் எங்கட அம்மாவின்ர குரல் மாதிரி. நிமிந்து பார்க்கிறன், புவனம் கயிறை ஒரு கையில பிடிச்சுக்கொண்டு என்னை நேர பார்த்துக்கொண்டு நிக்கிறாள்.

"அக்கா, கோப்புக் கந்தோருக்கு ஒருக்காப் போ. போய் நீயே பார். பார்த்திட்டு வந்து என்னட்டச் சொல்லு."

கோவமாச் சொல்லேல்லை. சொல்லிப்போட்டுத் தண்ணியை அள்ளிக்கொண்டு போட்டாள். எனக்கு அண்டைக்கு முழுக்கக் கால் நிலத்தில படேல்லை. மனுசன் போனபிறகு அவளுக்கே சந்தேகம் வந்திட்டுதாக்கும் எண்டு நினைச்சனான். நான் போய் எழுத்தைக் கொண்டுவந்து காட்ட, ஓம் அக்கா, நீ சொன்னதுதான் சரி, அந்தாள் என்னையும் ஏமாத்திப்போட்டுது எண்டு கட்டிப்பிடிச்சு அழப்போறாள் எண்டு நினைச்சனான். நானும் சரி சரி விடு எண்டு சொல்லியிருப்பன். நான் வன்மம் வைக்கிற ஆள் இல்லை.

விண்ணப்பம் போட்டு, அவை கூப்பிட்டு, இண்டைக்குத்தான் நாள். காலமை கிணத்தடியில சொன்னனான், இண்டைக்குப் போறன் எண்டு. திரும்பி வாற பஸ்சுக்கு வைரவர் கோவிலடியில வந்து நிக்கிறன் எண்டவள். நிப்பாள். அவள் சொன்னால் செய்வாள், சின்னனிலயே அப்பிடி.

கந்தோர் நல்ல துப்பரவு. பேப்பரெல்லாம் சிங்களத்தில கிடக்கும், அதை வாசிச்சுத் தமிழில சொல்ல ஒரு பிள்ளையை விட்டிருக்கினம். உங்கட வயசுதான். வாசிக்க முதல் தண்ணி வைச்சவள், துடைக்கத் தாள் வைச்சவள், அம்மா இடையில நிப்பாட்டச் சொன்னால் நிப்பாட்டுவன் எண்டவள். நான் சொன்னன், முப்பது வருசம் நிப்பாட்டி வைச்சது போதும், வாசி பிள்ளை எண்டு.

முதல் கேட்டது அவரை எங்க கொண்டுபோனவை எண்டு. அது இல்லை. இன்ன முகாமில வைச்சிருந்தது எண்டு கிடக்கு, இன்ன திகதி வேற இடத்துக்கு மாத்தினது எண்டு கிடக்கு, எந்த இடம் எண்டு எழுதின தாளைக் காணேல்லை. கிழிச்சிருக்கினம். கிழிச்ச இடத்தில நூல் தெரியுது, நான் தடவிப் பார்த்தனான். அப்ப உந்த வழக்கு, நீதி எண்டெல்லாம் சொன்னவையே, ஆருக்கு மேல போடுறது எண்டு கேட்டன். அந்தப் பிள்ளை அடுத்த தாளைத் திருப்பினது.

பேந்து சாக்குக் கதை வந்தது. சங்கக்கடையில சாக்கு எடுத்ததாம். மனேச்சரைக் கடைக்குள்ள விட்டுப் பூட்டினதாம். சாக்குக்குள்ள இருந்தது தங்கட ஆள்தானாம். ஆரைப் பிடிக்கிறது எண்டு அவங்களுக்கு முதலே தெரியும், பேர் எழுதிக் கையில வைச்சிருந்தவங்களாம். அந்த ஆள் கிட்ட வரேக்க பின்னால நிண்டவன் தோளில தட்டுவானாம், சாக்குத் தலையை ஆட்டுமாம். உண்மையாத் தகவல் குடுத்தது ஆர் எண்டு சனத்துக்குத் தெரியாமல் இருக்கிறதுக்கும், ஊர் தங்களுக்குள்ள ஆளை ஆள் சந்தேகப்பட்டுக் கிடக்கிறதுக்கும் அப்பிடி ஒரு ஏற்பாடாம். அதையும் வெக்கமில்லாமல் எழுதி வைச்சிருக்கிறாங்கள்.

அப்ப என்ர மனுசனின்ர பேரைக் குடுத்தது ஆர் எண்டு கேட்டன். அந்தப் பிள்ளை தண்ணியை என்ர பக்கம் தள்ளி வைச்சது. அம்மா தண்ணி குடியுங்கோ எண்டது. நான் குடிக்கேல்லை.

அது ஒரு அறிக்கை. எழுதினவளின்ர பேர் கிடந்த இடத்தில கறுப்பு மை பூசியிருக்கு. பஸ்ஸில போகேக்க பக்கத்தில இருந்த பெம்பிளை தானாவே கதை குடுத்தவ எண்டு தொடங்குது. பேர் திலகவதி. புருசன் ஆஸ்பத்திரியில டிஸ்பென்சர். பொழுதுபட்டால் பின் கதவால பெடியள் வருவினம், புருசன் ஆஸ்பத்திரி மருந்தை எடுத்துவந்து அவைக்குக் கட்டுறார், ஊர்ப் பெடியளை எல்லாம் பார்ப்பார், சொந்தப் பிள்ளை காய்ச்சலில கிடந்தால் திரும்பியும் பாரார் எண்டு அந்தப் பெம்பிளை குறைப்பட்டவ. அப்பிடியே கிடக்கு. குறைப்பட்டவ.

அண்டைக்கு வதனிக்குக் காய்ச்சல் பிள்ளை. நெருப்பாக் கொதிக்குது. இவரிட்டச் சொன்னால், பனடோல் குடு, குறைஞ்சிடும் எண்டிட்டு வேலைக்குப் போட்டார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனிய டவுனுக்குப் போய்ப் பிறைவேற் டொக்டரிட்டக் காட்டிப்போட்டு பஸ்ஸில வாறன். எனக்கு வயிறு எரிஞ்சுது. ஆரிட்டையோ சொல்லவேணும் போல இருந்தது. புவனத்துக்கு அப்ப பிள்ளை வயித்தில, அவள் சத்தியெடுத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். நான் ஆரிட்டச் சொல்லுறது? புருசனைக் குறை சொல்லாத பெம்பிளை இந்த ஊரில எங்க இருக்கிறாள்? அதுக்குப் பேர் காட்டிக்குடுக்கிறதோ?

அப்பிடி ஒருத்தியையும் ஞாபகமில்லை எண்டுதான் கந்தோரில சொன்னனான். ஞாபகம் வராதெல்லோ, எத்தினை வருசம். ஊதாச் சேலை. வயசு என்னிலும் கூட இல்லை. எனக்குக் கை உளையுது எண்டு கண்டிட்டு வதனியைத் தன்ர மடியில வாங்கினவள். பிள்ளைக்கு ஒரு ரொபி குடுத்தவள், காய்ச்சல் வாய்க்கு நல்லா இருக்கும் எண்டு. நான் சொல்லச் சொல்ல, ஐயோ பாவம், பேந்து என்ன எண்டு கேட்டுக்கொண்டு வந்தவள். அப்பிடி ஒருத்தரும் என்ர கதையைக் கேட்டதில்லை பிள்ளை. என்ர அம்மாகூட இல்லை. இறங்கேக்க எனக்கு மனம் லேசாப்போச்சு. அண்டைக்கு இரவு நான் அவரோட சண்டைகூடப் பிடிக்கேல்லை, சோத்தைப் போட்டுக் குடுத்திட்டு நிம்மதியாப் படுத்தனான்.

எனக்கு இதில வாற கோவம் என்னெண்டால், அவளின்ர பேருக்கு மை பூசியிருக்கு, என்ர பேருக்குப் பூசேல்லை. உளவு பார்த்தவையின்ர பேரைக் காட்டினால் அவைக்கு ஆபத்து வருமாம், சட்டமாம். அப்ப எனக்கு? அந்தப் பிள்ளையிட்டக் கேட்டனான், பிள்ளை, என்ர பேருக்கும் ஒருக்கா உந்த மையைப் பூசிவிடு எண்டு. அப்பிடிச் செய்யேலாதாம், நான் பாதிக்கப்பட்ட ஆளாம், பாதிக்கப்பட்டவையின்ர பேரை மறைக்கக்கூடாதாம். நல்ல சட்டம். ஊதாச் சேலைக்காரி எங்கையோ பேரப்பிள்ளையளோட சுகமா இருப்பாள். நான் அந்தத் தாளில சீவியம் முழுக்கக் குறைப்பட்டுக்கொண்டிருப்பன்.

அதுதான் யோசிச்சு முடிவெடுத்திட்டன். புவனத்துக்குச் சொல்லப்போறன், பேருக்கு மை பூசிக்கிடக்கு, ஒண்டும் தெரியேல்லை எண்டு. அதில பொய் ஒண்டும் இல்லையே. பேருக்கு மை பூசித்தானே கிடக்கு? உன்ர மனுசன் இல்லையெண்டு மட்டும் நல்லாத் தெளிவா எழுதியிருக்கு எண்டும் சொல்லுவன். அது அவளுக்குப் பெரிய ஆறுதலாயிருக்கும். வேணுமெண்டால் நான் அவருக்கு வருசத் திவசத்துக்கு வந்து சமைச்சும் குடுப்பன். அதுக்குமேல ஒரு மனிசி என்ன செய்யேலும்? மற்றதைச் சொன்னால் அவள் பேந்து கிணத்தடிக்கு வருவாளோ? இவ்வளவு காலமும் கோவத்தோடயாவது வந்தவள். அந்தக் கப்பிச் சத்தமும் இல்லையெண்டால் நான் அந்த வளவுக்குள்ள எப்பிடி இருக்கிறது, சொல்லுங்கோ பாப்பம்.

ஒரு சின்ன விசயம் மட்டும்தான் எனக்கு இடிக்குது. வெளிக்கிடேக்க அந்தக் கந்தோர்ப் பிள்ளை சொன்னது, உங்கட ஊரில இருந்து முதலும் ஒரு அம்மா வந்து இதே கோப்பைப் பார்த்தவா, முகம் உங்கட சாடைதான், தன்ர புருசன்ர பேரும் இதுக்குள்ள இருக்கிறபடியால் பார்க்க உரிமை இருந்தது எண்டு. புவனம்தான், வேற ஆர். எப்ப போனவளோ, என்னட்ட மூச்சும் விடேல்லை. தன்ர மனுசனின்ர பகுதியை மட்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டிட்டு வந்திருப்பாள். மற்றப் பக்கங்களை அவளுக்கு வாசிச்சிருக்கமாட்டினம்.

என்ன? கேக்கேல்லை, பஸ் இரையுது. ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ.

அவள் முதலே பார்த்திட்டாள் எண்டால் பேந்து ஏன் என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னவள் எண்டோ?

அது… அவளுக்கு இப்ப மறதி கூட. வயசு போட்டுதெல்லோ. இல்லை, கந்தோர் எண்டால் அவளுக்கு விளங்கியிராது, நான் போனால் வடிவாக் கேட்டுக்கொண்டு வருவன் எண்டு நினைச்சிருப்பாள். அப்பிடித்தான் இருக்கும்.

அந்த அம்மா முழுக்க இருந்து கேட்டவா எண்டுதான் அந்தப் பிள்ளை சொன்னது. கடைசித் தாள் வரைக்கும். அழேல்லையாம். கடைசியில, இதை என்ர அக்காவும் வந்து பார்க்கலாமோ எண்டு கேட்டவாவாம். அது தைப்பூசத்துக்கு முதல். கிணத்தடியில என்னை அக்கா எண்டு கூப்பிட்டது தைப்பூசம் கழிஞ்சு.

அப்ப அவளுக்குத் தெரியும்.

தெரிஞ்சுகொண்டுதான் கதைச்சிருக்கிறாள். என்னில ஒரு பிழையும் தெரியாத காலத்தில முப்பது வருசம் ஒரு சொல்லுச் சொல்லாதவள், எல்லாம் தெரிஞ்சபிறகு வந்து அக்கா எண்டவள். நான் இப்ப இறங்கி அவளுக்கு முன்னால போய் நிண்டுகொண்டு, மை பூசிக்கிடக்கு புவனம் எண்டு சொல்ல, அவள் கேட்டுக்கொண்டு நிண்டிருப்பாள் என்ன? ஓம் அக்கா எண்டும் சொல்லியிருப்பாள். நாளைக்குக் காலமை வழமை போலத் தண்ணியை அள்ளிக்கொண்டு போயிருப்பாள்.

அருளம்பலத்தார் செத்த அண்டைக்கு ஒரு கிண்ணம் தேத்தண்ணிகூட நான் அந்த வீட்டுக்குக் குடுத்து விடேல்லை பிள்ளை.

கோவிலடி வந்திட்டுது. அங்க பாருங்கோ, மணிக்கூண்டுக்குப் பக்கத்தில, சேலைத் தலைப்பைத் தலையில போட்டுக்கொண்டு நிக்கிறாள், அவள்தான். பஸ்ஸை யன்னல் யன்னலாத் தேடுறாள். என்னைக் காணேல்லை இன்னும். கொண்டக்டர் கத்துறான், இறக்கமோ எண்டு. நான் இன்னும் பையை மடியில வைச்சுக்கொண்டு இருக்கிறன். நான் இதில இருந்தால் பஸ் போடும், அவள் கொஞ்ச நேரம் நிண்டு பார்த்திட்டு வீட்டுக்குப் போடுவாள்.

இறங்குங்கோ எண்டு சொல்லுங்கோ பிள்ளை. ஆரும் ஒராள் சொன்னால் நான் இறங்குவன்.